டைம்லைனில் டிரான்ஸ்பரன்ட் படம் கெடும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

களியக்காவிளைக்கு இருபுறமும் கல்யாண வீடியோ தொகுப்பவர்களிடையே காட்சிகளைவிட அதிகமாகக் கைமாறுவது டைட்டில் படங்கள்தாம். மணமகன் வீடு மார்த்தாண்டத்திலும் மணமகள் வீடு பாறசாலையிலும் இருந்தால் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. எடிட்டிங் மென்பொருளுக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்தால் மலையாளக் கூட்டெழுத்துகள் பிரிவதும், தமிழில் கொம்பு எழுத்தைவிட்டு விலகி நிற்பதும் பழைய பதிப்புகளில் இன்றும் நடக்கிறது. ஆகவே பெயரை ஃபோட்டோஷாப்பிலோ கோரல்டிராவிலோ எழுதி, பின்னணி இல்லாத படமாக்கி, எடிட்டருக்கு அனுப்புவதே இந்தப் பகுதியின் வழக்கம். கோயில் கொடை, பங்குத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றின் முத்திரைகளும் பெயர்ப் பட்டைகளும் இதே வழியில்தான் வருகின்றன.

அப்படி வரும் படம், காட்சிகளை அடுக்கித் தொகுக்கும் டைம்லைனில் வெள்ளைப் பெட்டியாகவோ கறுப்புப் பெட்டியாகவோ நிற்கும்போது எல்லோரும் முதலில் குறை சொல்வது எடிட்டிங் மென்பொருளைத்தான். பெரும்பாலும் குறை அங்கே இருப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியும் எந்த அளவுக்குத் தெரிய வேண்டும் என்பதைப் பதிந்து வைத்திருக்கும் ஆல்ஃபா சேனல், வடிவமைப்பாளரின் கணினிக்கும் எடிட்டரின் கணினிக்கும் நடுவில் எங்கோ தொலைந்திருக்கும். எனவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் கோப்பையே முதலில் சோதித்து, மென்பொருள் அமைப்புகளை அதற்குப் பிறகே தொடுமாறு வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'டீட்டெய்ல்ஸ்' தாவலைத் திறந்து, 'பிட் டெப்த்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 24 என்று இருந்தால் அந்தக் கோப்பில் ஆல்ஃபா சேனல் கிடையாது. எந்த மென்பொருளில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. 32 என்றோ, 16 பிட் படமாக இருந்தால் 64 என்றோ இருந்தால் சேனல் இருக்கிறது. 8 என்று இருந்தால் அது குறைந்த நிறங்கள் கொண்ட வகை. அதன் தொல்லை வேறு, பின்னால் வருகிறது. மேக் கணினியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்ட் விசையுடன் ஐ விசையை அழுத்தினால், 'ஆல்ஃபா சேனல்' என்ற வரியில் உண்டு அல்லது இல்லை என்று காட்டிவிடும்.

சேனல் இருப்பதாலேயே பின்னணி நீங்கியிருக்கிறது என்று பொருளாகாது. படம் முழுவதும் தெரிய வேண்டும் என்று பதிந்த ஆல்ஃபா சேனலும் உண்டு. ஆகவே இரண்டாவது சோதனையாக, டைம்லைனின் கீழ் டிராக்கில் (அடுக்கில்) அடர் சிவப்பு நிறத் தகடு ஒன்றை இட்டு, அதன் மேல் டிராக்கில் படத்தை வைத்துப் பாருங்கள். எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரிலும் ஈடியஸிலும் 'கலர் மேட்' என்றும், ரிசால்வில் 'சாலிட் கலர்' என்றும் இந்தத் தகடு கிடைக்கும். வெள்ளைத் தகடு வெள்ளை ஓரத்தையும் கறுப்புத் தகடு கறுப்பு ஓரத்தையும் மறைத்துவிடும் என்பதால் சிவப்பே நல்லது.

அறிகுறி: லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி

*வாட்ஸ்அப்பில் படமாக வந்திருந்தால்*

இதுதான் மிகப் பரவலான காரணம், செலவே இல்லாமல் தீர்வதும் இதுதான். வாட்ஸ்அப்பில் 'போட்டோ' வழியாக அனுப்பும் எந்தப் படமும் ஜே.பி.ஜி. வகைக்கு மாற்றப்பட்டே போய்ச் சேருகிறது, ஜே.பி.ஜி. வகையில் ஆல்ஃபா சேனலுக்கு இடமே இல்லை. 'எச்.டி.' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் படத்தின் அளவுதான் பெரிதாகுமே தவிர வகை மாறாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் கோப்பின் பெயர் ஐ.எம்.ஜி. என்று தொடங்கி, நடுவில் தேதியும் அதை அடுத்து டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகளும் இருந்தால், அது இந்த வழியில் வந்ததென்று பெயரே சொல்லிவிடும். அனுப்பியவரிடம் அதே கோப்பை 'டாக்குமென்ட்' என்ற வழியில் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். டெலிகிராமில் 'ஃபைல்' என்ற வழி. பல கோப்புகள் இருந்தால் ஜிப் செய்து அனுப்புவதோ கூகுள் டிரைவ் இணைப்புத் தருவதோ இன்னும் பாதுகாப்பானது, ஏனெனில் வாடிக்கையாளர் வழியாக வரும் கோப்பை அவர் எந்தப் பொத்தானை அழுத்தி முன்னே தள்ளுவார் என்பது நம் கையில் இல்லை.

*கோப்பின் பெயர் மட்டும் பி.என்.ஜி. ஆக இருந்தால்*

'பி.என்.ஜி. வேண்டும்' என்று கேட்டதும் ஜே.பி.ஜி. கோப்பின் பெயரின் இறுதியை மட்டும் மாற்றி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். ஜே.பி.ஜி. படத்தைத் திறந்து முறையாகவே பி.என்.ஜி. என்று மறுபடி சேமித்தாலும் தொலைந்த ஆல்ஃபா திரும்பி வராது. முதலில் சொன்ன 'பிட் டெப்த்' சோதனை பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுக்கும். சிவப்புத் தகட்டுச் சோதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும். கைபேசியின் ஸ்கிரீன்ஷாட்டும், விண்டோஸின் பழைய 'பெயின்ட்' மென்பொருளில் திறந்து சேமித்த படமும் இதே வகையைச் சேர்ந்தவை.

*வடிவமைப்பிலேயே வெள்ளை இருந்தால்*

ஃபோட்டோஷாப்பில் கீழே பூட்டுக் குறியுடன் 'பேக்கிரவுண்ட்' என்ற லேயர் இருக்கும். வடிவமைப்பாளரின் திரையில் தாள் போலத் தெரியும் அந்த வெள்ளையும் படத்தின் பகுதிதான் என்பதை அவர் மறந்திருக்கலாம். அந்த லேயரின் கண் குறியை அணைத்து, 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியில் பி.என்.ஜி. வகையைத் தேர்ந்து, 'டிரான்ஸ்பரன்சி' கட்டத்தில் குறியிட்டிருப்பதை உறுதிசெய்து சேமிக்கச் சொல்லுங்கள். லேயர்களை ஒன்றாக்க 'ஃபிளாட்டன் இமேஜ்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், வெறுமையாக இருந்த இடமெல்லாம் வெள்ளையால் நிரம்பிவிடும். அதற்குப் பதிலாக 'மெர்ஜ் விசிபிள்' போதும். அழைப்பிதழ் அச்சகங்களும் ஃப்ளெக்ஸ் கடைகளும் கோரல்டிராவில் வேலை செய்வதால், அங்கே பி.என்.ஜி. ஏற்றுமதிப் பெட்டியில் டிரான்ஸ்பரன்சிக்கான கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேன்வாவில் பின்னணி இல்லாமல் இறக்கும் வசதி கட்டணத் திட்டத்தில்தான் உண்டு. இலவசக் கணக்கில் செய்து அனுப்பிய பி.என்.ஜி. வெள்ளையுடன் வருவது அதனால்தான்.

*மூலக் கோப்பே கிடைக்காவிட்டால்*

சங்கத்தின் முத்திரையோ ஆலயத்தின் லோகோவோ பழைய நோட்டீசிலிருந்து எடுத்த படமாக மட்டும் இருக்கும். அது வெள்ளைத் தாளில் கறுப்பு மையாக இருந்தால், பிரீமியரின் 'ஒப்பாசிட்டி' பகுதியில் கலப்பு முறையை 'மல்டிப்ளை' என்று வைத்தாலே வெள்ளை மறைந்துவிடும். இருண்ட காட்சியின் மேல் கறுப்பு எழுத்தும் கூடவே மறைந்துவிடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். நிறங்கள் உள்ள லோகோவுக்கு இந்த வழி உதவாது. அப்போது அதே சங்கத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்த கடையை விசாரித்து, கோரல்டிராக் கோப்போ பி.டி.எஃப். கோப்போ வாங்க முயலுங்கள். கோடுகளாக வரையப்பட்ட மூலம் அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

அதுவும் இல்லையென்றால் வெட்டி எடுக்கும் வேலையைக் கைதேர்ந்த வடிவமைப்பாளரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. தானாகப் பின்னணி நீக்கும் கருவிகள் கெட்டியான ஓரமுள்ள முத்திரைக்குச் சரியாக இருக்கும். மணப்பெண்ணின் கூந்தலும் முல்லைப்பூச் சரமும் உள்ள படத்தில் அவை பூவையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. அத்தகைய படத்தில் முடி முடியாகப் பிரித்தெடுப்பதற்கு அவர் கேட்கும் கூலி, நீங்கள் அதில் செலவிடும் இரவைவிட மலிவு.

அறிகுறி: கறுப்புப் பெட்டி

*கீழே எதுவுமே இல்லாவிட்டால்*

இது கோளாறே அன்று. கீழ் டிராக்கில் காட்சி இல்லையென்றால் மென்பொருள் வெறுமையைக் கறுப்பாகத்தான் காட்டும். பிரீமியரில் புரோகிராம் மானிட்டரின் ஸ்பேனர் குறியைத் திறந்து 'டிரான்ஸ்பரன்சி கிரிட்' என்பதை இயக்கினால், வெறுமையான இடங்கள் சதுரக் கட்டங்களாகத் தெரியும். கட்டங்கள் தெரிந்தால் படம் நலமாக இருக்கிறது. படம் கீழ் டிராக்கிலும் காட்சி மேல் டிராக்கிலும் மாறி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*பிராக்சி இயங்கிக்கொண்டிருந்தால்*

அசையும் டைட்டில்களுக்கு எச்.264 என்ற வீடியோ வகையில் பிராக்சி (எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கியிருந்தால், பிராக்சியில் ஆல்ஃபா இருக்காது. மூலக் கோப்பு சரியாக இருந்தும் எடிட் செய்யும்போது கறுப்பாகத் தெரியும். பிராக்சிப் பொத்தானை அணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால், காட்சிகளுக்கு மட்டும் பிராக்சி வைத்துக்கொண்டு டைட்டில்களை அப்படியே விட்டுவிடலாம். ரிசால்வில் இதே போன்ற நகலான 'ஆப்டிமைஸ்டு மீடியா' உருவாக்கும் வகையும் ஆல்ஃபாவைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

*படம் கறுப்புப் பின்னணியுடனேயே செய்யப்பட்டிருந்தால்*

மினுங்கும் பொறி, தீப்பிழம்பு, மத்தாப்பு, ஒளிக்கீற்று போன்றவை ஆல்ஃபா இல்லாமல் கறுப்பின் மேல் செய்து விற்கப்படுபவை. இவற்றுக்குக் கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் போதும். பச்சைப் பின்னணியில் வந்தால் 'அல்ட்ரா கீ' போன்ற நிற நீக்கி வேண்டும். கறுப்பின் மேல் கறுப்பு நிழலுடன் எழுதிய பெயருக்கு 'ஸ்கிரீன்' முறையைப் போட்டால் நிழலும் போய்விடும். அதற்கு மூலக் கோப்பைத்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி: சாம்பலும் வெள்ளையுமான சதுரக் கட்டங்கள் வீடியோவிலேயே தெரிகின்றன

இணையத் தேடலில் கிடைக்கும் 'பின்னணி இல்லாத' பிள்ளையார், சிலுவை, நிலவிளக்கு படங்கள் பலவற்றில் அந்தக் கட்டங்கள் படத்தோடு வரையப்பட்டவையாகவே இருக்கும். தேடல் பக்கத்தின் சிறு படத்தையே சேமித்திருந்தால் ஒருமுறை மூலப் பக்கத்துக்குப் போய் உரிய கோப்பை இறக்கிப் பாருங்கள். அதிலும் கட்டங்கள் இருந்தால் வேறு படம் தேடுவதுதான் வழி. கட்டங்களை நீக்க முயல்வது வீண்வேலை.

அறிகுறி: எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடோ கறுப்புக் கோடோ

பெட்டியைப் போலன்றி, இந்தக் கோளாறு வாடிக்கையாளர் பெரிய திரையில் பார்க்கும்வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடுவதுண்டு. சிவப்புத் தகட்டின் மேல் படத்தை வைத்து, 200 விழுக்காடு அளவுக்கு நெருங்கிப் பாருங்கள். கோடு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்கிறதா, அல்லது நிழல், புகை, மங்கலான ஓரம் ஆகியவை உள்ள இடங்களில் மட்டும் தடிக்கிறதா என்பதைக் கவனிப்பது அடுத்த வழியைத் தீர்மானிக்கும்.

*எல்லா இடத்திலும் ஒரே கனமான கோடு*

வெள்ளைத் தாளின் மேலிருந்த படத்தை 'மேஜிக் வாண்ட்' கொண்டு வெட்டியிருப்பார்கள். ஓரப் புள்ளிகள் பாதி நிறமும் பாதி வெள்ளையுமாகக் கலந்திருப்பதால், வெட்டிய பின்னும் அந்த வெள்ளை ஒட்டிக்கொண்டு வருகிறது. ஃபோட்டோஷாப்பின் 'லேயர்' மெனுவில் கடைசியாக உள்ள 'மேட்டிங்' பகுதியில், 'ரிமூவ் வைட் மேட்', 'ரிமூவ் பிளாக் மேட்', 'டீஃப்ரிஞ்ச்' என்ற மூன்று கட்டளைகள் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டுக்கு முதலாவது, கறுப்புக் கோட்டுக்கு இரண்டாவது, இரண்டிலும் தீராததற்கு 1 பிக்சல் அளவில் மூன்றாவது என்று முயன்று பார்த்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். மெல்லிய எழுத்துகளில் 'டீஃப்ரிஞ்ச்' அளவைக் கூட்டினால் சுழிகள் அடைபடும்; மலையாள எழுத்துகளில் அது உடனே கண்ணுக்குத் தெரியும்.

*மங்கலான ஓரங்களில் மட்டும் தடிக்கும் கோடு*

இங்கே கோப்பு சரியாக இருந்து, மென்பொருள் அதைத் தவறாகப் படிக்கிறது. ஆல்ஃபாவுடன் கூடிய படத்தைச் சேமிப்பதில் இரண்டு முறைகள் உண்டு. 'ஸ்ட்ரெய்ட்' முறையில் நிறம் தனியாகவும் ஆல்ஃபா தனியாகவும் இருக்கும். 'பிரீமல்டிப்ளைடு' முறையில் ஓரத்து நிறங்கள் ஏற்கனவே கறுப்புடனோ வெள்ளையுடனோ கலந்திருக்கும். கறுப்புடன் கலந்து வந்த படத்தை 'ஸ்ட்ரெய்ட்' என்று மென்பொருள் படித்தால் ஓரம் அழுக்காகக் கறுக்கும். வெள்ளையுடன் கலந்ததை அப்படிப் படித்தால் வெளுக்கும். மாறாக, 'ஸ்ட்ரெய்ட்' படத்தை மற்றதாகப் படித்தால் ஓரங்கள் தேவைக்கு மேல் பளிச்சிடும்.

மோஷன் கிராஃபிக்ஸுக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' பெட்டியைத் திறந்தால் இரண்டு முறைகளும், எந்த நிறத்துடன் கலந்தது என்று சொல்லும் கட்டமும், மென்பொருளே ஊகித்துச் சொல்லும் 'கெஸ்' பொத்தானும் இருக்கும். ஊகம் பெரும்பாலும் சரியாக அமையும். அமையாவிட்டால் கைமுறையாக மாற்றிப் பாருங்கள். ரிசால்வில் மீடியா பூலில் உள்ள கோப்பின் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' பெட்டியில் ஆல்ஃபா முறையை மாற்றலாம். பிரீமியரிலும் 'மாடிஃபை' மெனுவின் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' பெட்டியில் ஆல்ஃபாவுக்கென ஒரு பகுதி உண்டு. எழுத்து இருக்க வேண்டிய இடம் ஓட்டையாகவும் சுற்றுப்புறம் நிரம்பியும் தெரிந்தால், அங்கேதான் 'இன்வர்ட் ஆல்ஃபா சேனல்' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

1996-இல் வெளியான பி.என்.ஜி. தரநிர்ணயம், நிறத்தைக் கலக்காமல் 'ஸ்ட்ரெய்ட்' முறையில்தான் வைக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. எனவே பி.என்.ஜி. படத்தில் இந்த வகைக் கோடு தோன்றுவது குறைவு. டிஃப், டி.ஜி.ஏ., எம்.ஓ.வி. ஆகிய வகைகளில்தான் அடிக்கடி தோன்றும். எது எந்த முறையில் வந்தது என்று தெரியாத நிலையில், அசையாத படங்களைப் பி.என்.ஜி. ஆகவே கேட்டு வாங்குவது விவாதத்தை முடித்துவிடும்.

ஆல்ஃபா முறையை மாற்றியும், 'மேட்டிங்' கட்டளைகளைப் போட்டும் கோடு தீரவில்லை, கோப்பைத் தயாரித்தவரும் கிடைக்கவில்லை என்றால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ள 'ரிமூவ் கலர் மேட்டிங்' என்ற எஃபெக்டே கடைசி வழி. அதற்காக மட்டும் அந்த மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. மோஷன் கிராஃபிக்ஸ் செய்யும் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் முடித்துத் தருவார்.

அறிகுறி: வளைவுகள் படிக்கட்டாகத் தெரிகின்றன

'பிட் டெப்த்' 8 என்று இருந்தால், 'பி.என்.ஜி.-8' என்ற வகையிலோ ஜிஃப் வகையிலோ சேமித்திருக்கிறார்கள். ஜிஃப் வகையில் அதிகபட்சம் 256 நிறங்கள்தாம்; ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், பாதி தெரிவதற்கு வழியில்லை. பி.என்.ஜி.-24 வகையில் டிரான்ஸ்பரன்சியுடன் மறுபடி கேளுங்கள்; பெயரில் 24 இருந்தாலும் டிரான்ஸ்பரன்சி சேர்ந்தால் 'பிட் டெப்த்' 32 என்றே காட்டும். 32 ஆக இருந்தும் படிக்கட்டு தெரிந்தால் படம் சிறியது, நீங்கள் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். முழுத்திரை டைட்டிலை எச்.டி. வீடியோவுக்கு 1920 × 1080 அளவிலும், 4கே வீடியோவுக்கு 3840 × 2160 அளவிலும் செய்யச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: நிழலோ ஒளிவட்டமோ வடிவமைப்பாளர் காட்டியது போல் இல்லை

ஃபோட்டோஷாப்பில் ஒளிவட்டம் பெரும்பாலும் 'ஸ்கிரீன்' முறையில் கீழுள்ள லேயருடன் கலக்கிறது. பி.என்.ஜி. ஆகச் சேமிக்கும்போது கலப்பு முறை கோப்புக்குள் வராது. ஒளிவட்டம் சாதாரண வெளிர் மூட்டமாக மாறிவிடும். ஒளிவட்டத்தை மட்டும் தனிப் பி.என்.ஜி. ஆக வாங்கி, எடிட்டிங்கில் தனி டிராக்கில் 'ஸ்கிரீன்' முறையில் வைப்பது எளிய தீர்வு.

நிழல் மட்டும் மாறியிருந்தால் பிரீமியரின் 'சீக்வென்ஸ் செட்டிங்ஸ்' பெட்டியில் 'காம்போசிட் இன் லீனியர் கலர்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஃபோட்டோஷாப் வழக்கமாக அந்த முறையில் கலப்பதில்லை என்பதால், இரண்டிலும் ஒரே நிழல் வெவ்வேறு அடர்த்தியில் தெரிகிறது. இந்தக் கட்டத்தை மாற்றினால் அதே சீக்வென்ஸில் உள்ள மங்கி மறையும் மாற்றங்களின் தோற்றமும் சற்று மாறும். ஆகையால் வேலையின் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

அறிகுறி: கோப்பை ஏற்றவே மறுக்கிறது

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்த பி.எஸ்.டி. அல்லது டிஃப் கோப்பாக இருந்தால், அது அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறமுறையில் இருக்கும், பிரீமியர் அந்த நிறமுறையை ஏற்பதில்லை. ஃபோட்டோஷாப்பில் 'இமேஜ்' மெனுவின் 'மோட்' பகுதியில் 'ஆர்.ஜி.பி. கலர்' என்று மாற்றி, பி.என்.ஜி. ஆகச் சேமித்தால் தீர்ந்தது.

பி.எஸ்.டி. கோப்பைத் திறக்கும்போது எழுத்துரு இல்லை என்ற எச்சரிக்கை வந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். பாமினி, எம்.எல். கார்த்திகா போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் எழுதிய பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் லேயரைத் தொட்ட கணமே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். வடிவமைப்பாளரே எழுத்து லேயரை 'ராஸ்டரைஸ்' செய்த, அதாவது எழுத்தைப் படமாக்கிய, நகல் ஒன்றைத் தருவதுதான் முறை.

இணையத்திலிருந்து இறக்கிய வெப்பி வகைப் படத்தையும் பழைய பதிப்புகள் ஏற்காது. வெப்பியில் ஆல்ஃபா இருக்கும். ஃபோட்டோஷாப் 2022-இல் வந்த 23.2 பதிப்பிலிருந்து அதைத் தானே திறக்கும். திறந்து பி.என்.ஜி. ஆகச் சேமியுங்கள்.

அறிகுறி: அசையும் டைட்டில் கறுப்புப் பின்னணியுடன் வருகிறது

*எம்.பி.4 கோப்பாக வந்திருந்தால்*

மேலும் சோதிக்க வேண்டியதில்லை. நாம் புழங்கும் எச்.264 வகை எம்.பி.4 ஆல்ஃபாவைச் சுமப்பதில்லை. மறுபடி ஏற்றுமதி செய்யச் சொல்வதைத் தவிர வழி கிடையாது. ஒளிக்கீற்று போன்றவற்றுக்கு மட்டும் மேலே சொன்ன 'ஸ்கிரீன்' முறை கைகொடுக்கும்.

*எம்.ஓ.வி. ஆக வந்தும் கறுப்பாக இருந்தால்*

எம்.ஓ.வி. என்பது மேலுறை மட்டுமே, உள்ளே இருக்கும் வகைதான் ஆல்ஃபா உண்டா என்பதைத் தீர்மானிக்கிறது. புரோரெஸ் 422 வகையில், அதன் எச்.கியூ. பிரிவில்கூட, ஆல்ஃபா இல்லை. புரோரெஸ் 4444, டி.என்.எக்ஸ்.எச்.ஆர். 444, சினிஃபார்ம், பழைய குவிக்டைம் அனிமேஷன் ஆகியவற்றில் உண்டு. வகை சரியாக இருந்தும் ஆல்ஃபா இல்லையென்றால், ஏற்றுமதி செய்தவர் அதைச் சேர்க்கச் சொல்லவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'அவுட்புட் மாட்யூல்' பெட்டியில் 'சேனல்ஸ்' என்ற இடத்தில் 'ஆர்.ஜி.பி. பிளஸ் ஆல்ஃபா' என்று இருக்க வேண்டும். இயல்பாக அங்கே 'ஆர்.ஜி.பி.' மட்டும்தான் இருக்கும். பிரீமியரில் 'டெப்த்' என்ற இடத்தில் ஆல்ஃபாவுடன் கூடியதைத் தேர வேண்டும். ரிசால்வில் 'டெலிவர்' பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் ஆல்ஃபா' கட்டத்தில் குறியிட வேண்டும். ஆல்ஃபாவைச் சுமக்கும் வகையைத் தேர்ந்த பிறகே அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியும்.

*கோப்பு மிகப் பெரிதாக இருந்தால்*

எச்.டி. அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில், புரோரெஸ் 4444 நொடிக்கு ஏறக்குறைய 275 மெகாபிட் எடுக்கும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 2 ஜி.பி. வெறுமையே அதிகமுள்ள டைட்டில் இதைவிடக் குறைவாக அமையலாம். இணைய வேகம் குறைந்த இடத்திலிருந்து அனுப்புபவர் இந்த அளவைப் பார்த்துத் திகைத்து, எம்.பி.4 ஆக மாற்றி அனுப்பிவிடுகிறார் என்பதே பல நேரம் உண்மைக் காரணம். டைட்டில் 10 நொடிதான் என்றால் பி.என்.ஜி. தொடராக 250 படங்களை ஜிப் செய்து அனுப்பச் சொல்லலாம். ஏற்றும்போது முதல் படத்தை மட்டும் தேர்ந்து 'இமேஜ் சீக்வென்ஸ்' கட்டத்தில் குறியிடுங்கள்; எண் வரிசையில் இடையே ஒரு படம் விடுபட்டாலும் அந்த இடத்தில் தொல்லை வரும். வேகம் மாறித் தெரிந்தால், பிரீமியரின் 'பிரிஃபரன்சஸ்' பெட்டியில் 'மீடியா' பகுதியில் 'இன்டிட்டர்மினேட் மீடியா டைம்பேஸ்' என்பதை 25 ஆக்கிவிட்டுத் தொடரை மறுபடி ஏற்றுங்கள். பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் உள்ள தொலைவுக்குப் பென் டிரைவைப் பேருந்தில் கொடுத்தனுப்புவதும் மோசமான யோசனை அல்ல.

அறிகுறி: எடிட்டிங்கில் சரி, நேரலையிலோ எல்.இ.டி. திரையிலோ பெட்டி தெரிகிறது

நேரலைக்கான ஓ.பி.எஸ். மென்பொருளில் அசையாத பெயர்ப் பட்டைக்குப் பி.என்.ஜி., அசைவதற்கு ஆல்ஃபாவுடன் கூடிய வி.பி.9 வகை வெப்எம் என்று கொடுத்தால் சிக்கல் இல்லை. பல கேமராக்களின் காட்சிகளை மாற்றித் தரும் ஏடெம் போன்ற மிக்சரில் படத்தை ஏற்றி ஓரம் கறுத்துத் தெரிந்தால், படத்தைக் காட்சியின் மேல் இடும் டவுன்ஸ்ட்ரீம் கீ பகுதியில் உள்ள 'பிரீமல்டிப்ளைடு கீ' கட்டத்தை மாற்றிப் பாருங்கள். மேலே ஓரக்கோட்டைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

எச்.டி.எம்.ஐ. வயர் ஆல்ஃபாவைக் கடத்துவதில்லை. ஆகவே மடிக்கணினியிலிருந்து பெயர்ப் பட்டையை மிக்சருக்கு அனுப்பும்போது, பச்சைப் பின்னணியில் அனுப்பி மிக்சரில் நீக்க வேண்டும். அல்லது நிறத்துக்கு ஒன்று, ஆல்ஃபாவுக்கு ஒன்று என இரண்டு வெளியீடுகள் தரும் கார்டு வேண்டும். முதல் வழி செலவற்றது. பட்டையில் பச்சை நிறமும் மென்மையான நிழலும் இல்லாதவரை போதுமானது. உள்ளூர் கேபிள் ஒளிபரப்புக்காரர் 'ஃபில்லும் கீயும் தனித்தனியாகக் கொடுங்கள்' என்று, அதாவது நிறத்தையும் ஆல்ஃபாவையும் தனித்தனி வெளியீடுகளாகக் கேட்டால், கார்டு வாங்கும் முன் அவருடைய பொறியாளரை நேரில் அழைத்து, அவர்களுடைய மிக்சர் எந்த உள்ளீட்டை எதிர்பார்க்கிறது என்று கேட்டுவிடுங்கள். விழா தொடங்கிய பிறகு அதைச் சோதிக்க நேரம் இருக்காது.